கதவடியில் பில்டர் வைத்த ட்ரையர்: இரண்டரை வருசம் பாவித்தபின்

கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் 14 வருசம் நின்ற, உடுப்புக் காயவைக்கிற ட்ரையரை அனுப்பிவிட்டுப் புதியதை எடுத்து இரண்டரை வருசம் ஆகிறது. ஐந்து பேர் இருக்கிற வீடு. கிழமைக்கு ஏழு தரமாவது ஓடும், பனிக்காலத்தில் பத்தும் ஓடும். நல்லது கெட்டது சொல்லுகிற அளவுக்கு மெசின் எனக்குப் பழகிவிட்டது.

கம்பெனிப் பெயரை எழுதவில்லை. எனக்குச் சொல்ல இருப்பது பில்டரைப் பற்றி. உடுப்பிலிருந்து கழருகிற தும்பைப் பிடிக்கிற அந்த வலை மெசினில் எந்த இடத்தில் இருக்கிறது, அந்த இடம் எங்களை அதைத் துப்புரவாக்க விடுகிறதா என்பதுதான் விசயம். இங்கே கடைகளில் நிற்கிற மெசின்களில் பெரும்பாலும் இரண்டு விதம். ஒன்றில் மெசினின் மேல்தட்டில் ஒரு நீளமான வெட்டு இருக்கும், அதற்குள் பில்டரைச் செருகியிருப்பார்கள். மற்றதில் கதவைத் திறந்ததும் டிரம்மின் வாசலடியில், கீழ் விளிம்பில் இருக்கும். எங்கள் பழையது முதலாவது விதம், புதியது இரண்டாவது.

நான் 11 வருசமாக ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தின் சலவை அறையில் வேலை செய்கிறேன். அங்கே ட்ரையர் ஒவ்வொன்றும் ஆளை விட உயரம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் அதன் கீழ்க் கதவைத் திறந்து, தும்பைக் கூட்டி எடுத்து, சுவரில் தொங்குகிற தாளில் நேரம் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். எவ்வளவு வேலை குவிந்து கிடந்தாலும் அதை விடமாட்டோம். அப்படி வேலை செய்கிற நான் வீட்டில் அதே விசயத்தைக் கவனிக்காமல் விட்டேன். பழைய மெசின் நின்ற விதமும் அதற்கு ஒரு காரணம்.

பில்டர் மேலே இருந்தால் லேசு என்றுதான் தோன்றும், குனியத் தேவையில்லை. ஆனால் பேஸ்மென்டில் ட்ரையரின் மேல்தட்டு வெறுமையாக இருக்கிற வீட்டைச் சொல்லுங்கள் பார்ப்போம். எங்கள் வீட்டில் அதற்கு மேலே சவர்க்காரப் போத்தல் இரண்டு, மாமியின் உடுப்புக் கூடை, சோடி இல்லாத காலுறைகள் போட்ட பிஸ்கற் பேணி. பில்டரை இழுக்கவேண்டுமென்றால் இவ்வளவையும் இறக்கவேண்டும். ஒருநாள் இறக்குவோம், அடுத்த நாள் "பிறகு பாப்பம்" என்று பொத்தானை அமத்துவோம். இழுக்கிற நாளிலும் இன்னொரு கரைச்சல் இருந்தது. தும்பு மொத்தமாகப் படிந்திருந்தால் வெட்டின் விளிம்பில் உரசி, பாதி வெளியே வரும், பாதி திரும்பப் பள்ளத்துக்குள் விழும். விழுந்ததை எங்களால் பார்க்கமுடியாது.

ஒரு தை மாதம் பிள்ளைகளின் ஜீன்ஸ் இரண்டு தரம் ஓடியும் இடுப்புப் பட்டியில் ஈரம் நின்றது. மெசின் தொடமுடியாத சூடு. ஒரு றிப்பேர்க் கடையில் சொல்லி ஆள் வந்தது. சூடாக்குகிற கம்பிச் சுருள் பழுது என்று மாற்றி 280 டொலர் வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் பழையபடி ஈரம், அதோடு மெல்லிய கருகல் மணமும் வந்தது. என் கணவர் தன்னோடு முந்தி வேலை செய்த ஒரு தம்பியைக் கூப்பிட்டார். அந்தப் பிள்ளை வந்ததும் மெசினைக் கழற்றவே இல்லை, முன்னுக்கு இழுத்துவிட்டுப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, சுருளிலை பிழை இருந்திருக்காது. இஞ்சை வந்து பாருங்கோ."

மெசினுக்கும் சுவருக்கும் இடையில் அந்த வெள்ளித்தாள் போன்ற சுருக்குக் குழாய் நசுங்கிச் சப்பையாகிக் கிடந்தது. அவன் அதைக் கழற்றிக் கவிழ்க்க, சாம்பல் நிறத் தும்பு கட்டி கட்டியாக விழுந்தது. பிறகு மின்சாரத்தை நிறுத்தி மேல்தட்டைக் கழற்றி, பில்டர் இறங்குகிற பள்ளத்துக்குள்ளிருந்து கையால் அள்ளினான். ஒரு சொப்பிங் பை நிறைந்தது. அந்தப் பையை என் கையில் தந்தான். பாரமே இல்லை. விரலால் உருட்டிப் பார்த்தேன், விளக்குத் திரிக்கு உருட்டுகிற பஞ்சு போலவே இருந்தது. திரி போட்டு விளக்கேற்றுகிற கைக்கு அது என்ன செய்யும் என்று ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ட்ரையருக்குள் நடப்பது இதுதான். விசிறி காற்றை இழுக்கிறது. அந்தக் காற்று சூடான சுருளைக் கடந்து டிரம்முக்குள் வந்து, ஈரத்தையும் தும்பையும் எடுத்துக்கொண்டு, தும்பைப் பில்டரில் விட்டுவிட்டு, 4 அங்குலக் குழாயால் வெளியே போகிறது. பில்டரோ குழாயோ அடைத்தால் காற்றுப் போக வழியில்லாமல் சூடு உள்ளேயே நிற்கும். சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் சுருளை நிறுத்தி நிறுத்திப் போடும், உடுப்புக் காய இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், கடைசியில், சூடு மிஞ்சினால் மின்சாரத்தை வெட்டுகிற தெர்மல் பியூஸ் போய்விடும். அது ஒருமுறை போனால் மாற்றத்தான் வேண்டும். அதற்கும் மேலே போனால் நெருப்பு. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையான கணக்கில், வீடுகளில் வருசத்துக்கு ஏறக்குறைய 2,900 ட்ரையர் தீவிபத்துகள் என்று சொன்னது. காரணங்களில் முதலாவது, துப்புரவாக்காமல் விட்டது. நூற்றுக்கு 34 அதனால். மெசின் பழுதால் அல்ல, தும்பை எடுக்காததால்.

அதற்குப் பிறகுதான் புதியது எடுக்கக் கடைக்குப் போனேன். விற்கிற பிள்ளை ஸ்டீம், போன் செயலி, டிரம்முக்குள் வெளிச்சம் என்று காட்டிக்கொண்டு போனாள். நான் ஒவ்வொரு மெசினின் கதவையும் திறந்து பில்டரைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தேன். ஒரு கையால் கழற்ற வருகிறதா? மற்றக் கையில் ஈர உடுப்பு இருக்கும் அல்லவா? கழற்றினபின் அந்தக் குழிக்குள் என் கை போகிறதா? கடைசியில் எடுத்ததில் பில்டர் வாசலடியில், கொப்பி மாதிரி விரிகிற இரண்டு இதழ். தும்பு இரண்டு இதழுக்கும் நடுவில் சேரும்.

இடம்தான் இதன் பெரிய குணம். உடுப்பை எடுக்கக் குனிகிறபோது பில்டர் முகத்துக்கு நேரே நிற்கிறது. அதைத் தாண்டாமல் உடுப்பு வெளியே வராது. ஆதலால் கை தானாகப் போகிறது. முதல் மாதத்திலேயே என்னுடைய 16 வயது மகன் சொல்லாமல் பில்டரைத் துப்புரவாக்கினதைக் கண்டேன். பழைய மெசினில் அவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

சூடு ஆறுவதற்கு முன்பு எடுப்பதுதான் சுகம். பில்டரை மேலே இழுத்து இதழை விரித்தால் உள்ளே தும்பு மெத்தென்று ஒரு படையாக இருக்கும். பெருவிரலை ஒரு மூலையில் வைத்து மெல்லத் தள்ளினால், சட்டியில் அப்பத்தின் கரை கிளம்புவது போல விளிம்பு கிளம்பும். பிறகு முழுவதும் ஒரே தாளாகக் கழரும். துவாய் போட்ட நாளில் மொத்தம், மாமியின் வீட்டுச்சீலைகள் போட்ட நாளில் மெல்லிசு. புதுச் சிவப்புப் போர்வை முதல்தரம் போன நாளில் குங்குமம் கொட்டினது போல இருந்தது. யாராவது காற்சட்டைப் பொக்கற்றில் டிசு விட்டால் அது வெள்ளைப் புள்ளிகளாகக் காட்டிக்கொடுக்கும். யார் விட்டது என்று விசாரிக்கவும் வசதி.

வேலையிடத்தில் இருக்கிற மாதிரி ஒரு தாளை நானும் சுவரில் ஒட்டி, பேனையை நூலில் கட்டிவிட்டேன். தினமும் எடுப்பதற்கு அது தேவையில்லை, அதை மெசினே நினைப்பூட்டுகிறது. மாதத்துக்கு ஒருக்கால் செய்கிற வேலைகளுக்குத்தான் அந்தத் தாள். ஏனென்றால் இந்த இடத்துக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு.

பில்டரைக் கழற்றின உடனே கீழே குழி திறந்துவிடுகிறது. ஈர உடுப்பை இழுக்கிற அவசரத்தில் சின்னச் சாமான்கள் அதற்குள் விழும். கழற்றுகிறபோது இதழின் வெளிப்பக்கத்தில் ஒட்டியிருக்கிற தும்பும் உதிரும். முதல் வருச முடிவில் போனின் டோர்ச்சை அடித்துப் பார்த்தேன். அடியில் தும்பு ஒரு மெத்தை போலப் படிந்து, அதன்மேல் ஒரு தலைமுடிக் கிளிப்பும் 10 சதக் குற்றி ஒன்றும் மகளின் ஒரு காலுறையும் கிடந்தன. காலுறை விசிறிப் பக்கம் போயிருந்தால் மெசினைக் கழற்றவேண்டி வந்திருக்கும். இதற்கென்று நீளமான, வளைகிற தும்புப் பிரஷ் கடையில் விற்கிறார்கள், 15 டொலருக்குள். வாங்குங்கள். வக்கியூமின் ஒடுங்கின வாயையும் சேர்த்துப் பாவித்தால் இன்னும் நல்லது. முதலில் பிரஷ், பிறகு வக்கியூம். மாறிச் செய்தால் பிரஷ் கிளப்பின தும்பு அங்கேயே நின்றுவிடும். இப்போது பில்டரைக் கழற்றுமுன் உடுப்பு முழுவதையும் எடுத்துவிடவேண்டும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

இதழ் விரிகிற பிணைச்சல் பிளாஸ்டிக். இரண்டு வருசத்தில் ஒரு பக்கம் வெடித்துவிட்டது. பில்டர் சரியாக மூடாவிட்டால் அந்த இடுக்கால் தும்பு நேரே குழாய்க்குப் போகும், பில்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஒட்டிப் பாவிக்கவேண்டாம். புதிய பில்டர் 38 டொலருக்கு எடுத்தேன். மெசின் விலையோடு பார்க்கப் பெரிய காசு இல்லை, ஆனால் இவ்வளவு கை படுகிற ஒரு சாமானை இன்னும் உறுதியாகச் செய்திருக்கலாம். இதற்கு ஒரு புள்ளி குறைக்கிறேன்.

எங்கள் சனத்துக்குப் பெரிதாகத் தெரியாத ஒன்றைச் சொல்லவேண்டும். உடுப்பு மணக்கவேண்டும், ஒட்டக்கூடாது என்று ட்ரையருக்குள் போடுகிற வாசனைத் தாள் இருக்கிறதே, அதிலிருக்கிற மெழுகுப் பசை சூட்டில் உருகிப் பில்டரின் வலைக் கண்களில் படியக்கூடும். கண்ணுக்குத் தெரியாது. தும்பை எடுத்தபின் வலை பளிச்சென்று இருக்கும், நாங்களும் துப்புரவு என்று நினைப்போம். அடுப்படித் தொட்டியில் பில்டரைப் பிடித்துக் குழாயைத் திறந்து பாருங்கள். நான் பார்த்த அன்று தண்ணீர் வலைக்கு மேலே சேம்பிலையில் நிற்கிற மாதிரி உருண்டு நின்றது. ஒரு சொட்டு இறங்கவில்லை. தண்ணீரே இப்படி நின்றால் காற்றும் லேசாகப் போகாது என்று நினைத்தேன். பாத்திரம் கழுவுகிற சவர்க்காரம் இரண்டு துளி விட்டு, பழைய பல்லுத் தீட்டுகிற பிரஷால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்தேன். திரும்பக் குழாயடியில் பிடித்தபோது தண்ணீர் வலை இருப்பதே தெரியாமல் நேரே இறங்கியது. வெய்யில் படுகிற யன்னலடியில் வைத்து வடிவாகக் காயவிட்டபிறகுதான் திரும்பப் போட்டேன்.

அன்றைக்கு ஒரு கணக்கும் எடுத்தேன். எட்டுக் குளியல் துவாய், ஒரே தோய்ப்பு, ஒரே செற்றிங். கழுவ முன்பு 71 நிமிடம், கழுவினபின் 52. அதிலிருந்து வாசனைத் தாளை நிறுத்திவிட்டேன். கம்பளி உருண்டை மூன்று போடுகிறேன். ஒட்டுகிறது கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது, நைலோன் உடுப்பை அரை ஈரத்தில் எடுத்துக் கொடியில் போட்டால் சரி.

அதே பசை இன்னொரு இடத்திலும் படியும். எங்கள் மெசினில் பில்டருக்குப் பக்கத்தில், டிரம்முக்குள் பார்க்கிற மாதிரி, இரண்டு வெள்ளிப் பட்டிகள் இருக்கின்றன. உடுப்பில் ஈரம் நிற்கிறதா என்று அவைதான் மெசினுக்குச் சொல்லுகின்றன. பசை மூடினால் அவை பிழையாகச் சொல்லும், உடுப்பு ஈரமாக இருக்கும்போதே மெசின் நின்றுவிடும். மெசின் ஆறியபின் மருந்துக்கடை ஆல்கஹோல் தோய்த்த துணியால் துடைத்தால் போதும். இரண்டு நிமிட வேலை.

குழாயைப் பற்றி நீட்டவில்லை. மெசினைக் கொண்டுவந்தவர்கள் திரும்பவும் அதே வெள்ளித்தாள் சுருக்குக் குழாயைப் போட வெளிக்கிட்டார்கள். நான் விடவில்லை. முன்னமே வாங்கி வைத்திருந்த 4 அங்குலத் தகரக் குழாயை எடுத்துக் கொடுத்தேன். மூட்டுகளில் அலுமினியப் பட்டி ஒட்டவேண்டும், ஆணி அடிக்கக்கூடாது. உள்ளே நீட்டுகிற ஆணி முனையில் தும்பு கொளுவிக் கொளுவி அடைத்துவிடும். வெளிச்சுவரில் இருக்கிற குழாய் வாய்க்கு வலை போடக்கூடாது, மடல்தான் இருக்கவேண்டும், மெசின் ஓடுகிறபோது அது திறக்கிறதா என்று முற்றத்தில் நின்று பாருங்கள். பனிக்காலத்தில் ஈரக் காற்றுப் பட்டு மடல் உறைந்து ஒட்டிக்கொள்ளும். வசந்தத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் குழாய் வாய்க்குள் குருவி கூடு கட்டிவிட்டது, அவர் இரண்டு கிழமை உடுப்புக் காயவில்லை என்று மெசினைத் திட்டிக்கொண்டிருந்தார்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன். ஒன்ராறியோவில் நேரத்துக்கேற்ற விலைத் திட்டத்தில் இருக்கிறவர்களுக்கு வார நாட்களில் மாலை 7 மணிக்குப் பிறகு மின்சாரம் மலிவு. அதனால் நாங்கள் எல்லோரும் ராவில்தான் ட்ரையர் போடுகிறோம், போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். அந்தச் சொப்பிங் பையைக் கையில் பிடித்த நாளிலிருந்து, நான் முழித்திருக்கிற நேரம் மட்டும்தான் மெசின் ஓடுகிறது. மிச்சம் பிடிக்கிற சில சதத்துக்காகப் பேஸ்மென்டில் படுக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் ராமுழுக்க ஓடவிடாதீர்கள். மாமிக்கு முதலில் இது பிடிக்கவில்லை. "காசு கரியாகுது பிள்ளை" என்றா. பையைக் காட்டினேன். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சுவரில் இருக்கிற தாளில் பாதிக் கையெழுத்து மாமியுடையது.

வெளிக்குழாயே இல்லாத ஹீட் பம்ப் மெசினை எடுக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: லண்டனில் தங்கச்சி வீட்டில் அதுதான். மின்சாரம் நன்றாகக் குறைவு, நேரம் கூட. பில்டர் கதவடியில்தான், ஆனால் அதோடு முடியவில்லை. அவளுடைய மெசினில் கீழ்ப் பலகையைத் திறந்தால் கார் ரேடியேற்றர் போல மெல்லிய தகடுகள் அடுக்காக இருக்கும், தப்பின தும்பு அங்கே போய் ஈரத்தோடு ஒட்டும். மென்மையான பிரஷால் தகட்டின் நெடுக்குக்குத்தான் இழுக்கவேண்டும். விளிம்பு கூர், அவளுக்கு விரல் வெட்டியிருக்கிறது. வாங்க முன்பு அந்தப் பலகையையும் கடையில் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கொண்டோ என்கிற அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறவர்கள் இதை மட்டும் கவனமாக வாசியுங்கள். ஸ்காபரோ டவுன் சென்டர் பக்கம் அண்ணாவின் மகள் வாடகைக்கு இருக்கிறாள். "அத்தை, பில்டரை ஒவ்வொரு நாளும் எடுக்கிறன், ஆனாலும் காயுதில்லை" என்று போன் எடுத்துச் சொன்னாள். போய்ப் பார்த்தேன். கதவடிப் பில்டர் பளிங்கு மாதிரி இருந்தது. அண்ணாந்து பார்த்தால், மெசினுக்கு மேலே முகட்டோடு ஒரு தகரப் பெட்டி. இங்கே பல கொண்டோக்களில் குழாய் நீளம் என்று நடுவில் ஒரு விசிறியும், விசிறிக்கு முன்னால் இரண்டாவது தும்புப் பெட்டியும் வைத்திருக்கிறார்கள். கதிரையில் ஏறி மூடியைக் கழற்றினேன். உள்ளே வலை தெரியவில்லை, ஒரு விரல் மொத்தத்துக்குத் தும்பு இறுகி நின்றது. அவள் குடிவந்து ஒன்றரை வருசம், அந்தப் பெட்டி என்ன என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. எடுத்துத் துடைத்துப் போட்டபின் அன்றைக்கே உடுப்பு ஒரே ஓட்டத்தில் காய்ந்தது. கட்டட அலுவலகத்துக்கு இரண்டு பேருமாக இறங்கிப் போய்ச் சொன்னோம், கழற்றின தும்பையும் பையில் போட்டுக் காட்டினோம். எல்லா மாடிக்கும் அறிவித்தல் ஒட்டுவதாகச் சொன்னார்கள். போன சனிக்கிழமை லிப்டுக்குள் ஒட்டியிருந்ததைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள்.